முப்பத்திரண்டு டிகிரி

வடபனி நிலையம், செவ்வாய்க் கோள். செல் வளர்ப்புக் கூடம்.
பதிவு: ரஹ்மத்நிஷா.

நாள் 212, 09:10

ஆறு குடுவைகள். வெப்பம் 37 டிகிரி. நிறம் சரி. கிருமி கலக்கவில்லை.

உள்ளே இருப்பவை ஹைப்ரிடோமா செல்கள். நோயை எதிர்க்கும் ஆன்டிபாடியைச் சுரக்கும் வெள்ளணுவையும் ஓயாமல் பெருகும் புற்றுச் செல்லையும் ஒன்றாக்கி உண்டாக்கியவை. பனிச் சுரங்கத்தில் இறங்கிய நான்கு பேருக்கு வந்திருக்கும் காய்ச்சலுக்கு இந்த ஆன்டிபாடிதான் மருந்து. டாக்டர் எபனேசர் அந்த நால்வரோடு வார்டுக்குள் இருக்கிறார். நிலையத்தின் ஒரே காப்புடையும் அவரிடம். வெளியே நான் ஒருத்திதான். எங்களுக்குள் வானொலிப் பேச்சு மட்டும்.

நாள் 215, 14:30

புழுதிப் புயல். சூரியத் தகடுகள் மூடிவிட்டன. இருக்கும் மின்சாரம் வார்டின் ஆக்சிஜனுக்குப் போகிறது. குடுவைகளைச் சூடாக வைக்கும் இன்குபேட்டர் 32க்கு இறங்கிவிட்டது. செல்கள் பெருகுவதை நிறுத்திவிட்டன.

"செத்துப் போச்சா?"

"இல்ல டாக்டர். அப்படியே நிக்குது."

"இங்க யாரும் அப்படியே நிக்கலையேம்மா."

நாள் 218, 11:00

எதிர்பாராதது. செல்களின் எண்ணிக்கை கூடவில்லை, ஆனால் ஒவ்வொன்றும் முன்பைவிட இரு மடங்கு சுரக்கிறது. மறுபடி அளந்தேன். அதேதான். ஆனாலும் செல்கள் குறைவு. எல்லோருக்கும் போதுமான மருந்து சேரப் பல நாளாகும்.

செண்பகவல்லி இறந்துவிட்டாள். நால்வரில் ஒருத்தி. சுரங்க வழியை வரைந்தவள்.

நாள் 219, 08:40

புயல் ஓய்ந்தது. மின்சாரம் வந்துவிட்டது.

"சூட்டை ஏத்து நிஷா. நல்லாப் பெருகட்டும். அவ்வளவு நாள் இவங்க தாங்க மாட்டாங்க."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஐந்து குடுவைகளுக்குப் புதுச் சத்துநீர் ஊற்றி 37க்கு ஏற்றினேன். ஆறாவதைத் தனியே குளிரில் விட்டேன். எல்லாவற்றையும் ஏற்றப் பயமாக இருந்தது.

நாள் 224, 10:15

ஐந்தும் செல் நிறைந்து கலங்கி நிற்கின்றன. இத்தனை செழிப்பான வளர்ச்சியை நான் பார்த்ததே இல்லை.

ஆன்டிபாடி: இல்லை.

சுரக்கத் தெரியாத செல்கள் சில முதலிலிருந்தே உள்ளே இருந்திருக்கின்றன. சூடும் சத்தும் கிடைத்ததும் அவைதான் வேகமாகப் பெருகிக் குடுவையை நிரப்பிவிட்டன. ஐந்திலும்.

டாக்டரிடம் சொல்லக் கூப்பிட்டேன். அவர் முந்திக்கொண்டார்.

"எனக்கும் நடுங்குதும்மா. கையுறை கிழிஞ்சிருக்கு. கவனிக்கல."

"ஆறாவது நல்லா வருது டாக்டர்." மற்ற ஐந்தைப் பற்றிச் சொல்லவில்லை.

நாள் 227, 15:20

ஆறாவதின் நீரை மட்டும் வடித்துச் சுத்தம் செய்தாகிவிட்டது. மூன்று பேருக்கு வரும்.

டாக்டர் காலையில் பேசினார். "மருந்து வந்தாலும் நீ உள்ள வராதே. நீயும் படுத்துட்டா குடுவைய யாரு பாப்பா?" கேட்டது நியாயம்தான். அதன்பிறகு வார்டிலிருந்து பதில் இல்லை. ஊசி போட அங்கே எழுந்து நிற்கக்கூடியவர் யாரும் இல்லை.

கதவு இந்தப் பக்கமிருந்து திறக்கும்.

நாள் 227, வார்டிலிருந்து

மூச்சு இருந்தது மூன்று பேருக்கு. அதில் டாக்டர் ஒருவர். இன்னொருவர் போய்விட்டார். மூவருக்கும் போட்டுவிட்டேன்.

அவர் கண் திறந்தார். காலிக் குப்பிகளைப் பார்த்தார்.

"கூறு கெட்டவளே. ஒனக்கு?"

நாள் 230

டாக்டர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். எனக்குக் காய்ச்சல். பேனா பிடிப்பதே கஷ்டம்.

இதைப் படிப்பவருக்கு. ஆறாவது குடுவையில் செல்கள் உயிரோடு இருக்கின்றன. 32லேயே வையுங்கள். ஏற்ற வேண்டாம். தினமும் சுரப்பை அளந்து பாருங்கள். நன்றாக வளர்கிறதே என்று நம்பிவிட வே