புருசன் பேரைச் சொல்லாத பேய்

1980 பெப்ரவரி 3, ஞாயிறு

மூன்றாம் அத்தியாயம் முடிந்தது. 1846இல் கடல் தாண்டி வந்து மன்னாரில் கரையிறங்கி, தோட்ட வேலைக்காகக் காட்டுப் பாதையால் மலைக்கு நடந்த எங்கள் கூட்டத்தின் நாவல். கதை சொல்பவள் ஒரு பேய் – வழியில் வயிற்றுப் பிள்ளையோடு செத்த ராக்காயி. செத்தவளுக்கு யாரிடம் பயம்? ஆள்கட்டி வந்த கங்காணியையும் தோட்டத்துத் துரையையும் வாய் நிறையத் திட்டுகிறாள். எனக்குத்தான் அந்தத் துணிவு இல்லை.

பெப்ரவரி 5

இன்று யாரோடும் பேசவில்லை.

பெப்ரவரி 9

வடக்கே வந்த பிறகு எனக்கு வயல் காவல் வேலை. வயல்காரர் சிற்றம்பலத்தார் வந்து, "மாஸ்டர், பன்றி வந்து உழுதுபோட்டுப் போயிருக்கு, நீங்கள் என்னத்தை எழுதிக்கொண்டு இருக்கிறியள்?" என்றார். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன் என்பதால் ஏச்சுக்கூட மரியாதையோடு வருகிறது. ஏச்சானாலும் ஒரு மனிதக் குரல்.

பெப்ரவரி 17

பக்கத்துக் குடிசை வீரம்மா கடிதம் எழுதித் தரக் கேட்டு வந்தாள். எழுதிக் கொடுத்துவிட்டு, ஆசையில் நாவலை வாசித்துக் காட்டினேன். கங்காணிக்கு விழுந்த திட்டுக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கேட்டாள்:

"அண்ணே, இவ எல்லாரையும் சொல்றா. புருசன் எங்க போனான்னு மட்டும் சொல்லலையே?"

நம் பெண்கள் புருசன் பேரைச் சொல்ல மாட்டார்களே, அதனால்தான் அவனை விட்டுவிட்டேன் என்றேன்.

"பேரைத்தான் சொல்லக் கூடாது. செத்த பொறகும் ஏசக்கூடவா கூடாது?"

இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

பெப்ரவரி 18

வரவில்லை.

மார்ச் 2

எழுதிவிடுகிறேன். 77 ஆகஸ்ட். கலவரம். சிங்களக் கும்பல் எங்கள் லயத்தை, தோட்டத்து வரிசை வீடுகளை, எரித்தது. வடக்கே போகும் லொறியில் முப்பது பேர் ஏறினோம். மீனம்மாவுக்கு வயிற்றில் எட்டு மாதம். மதவாச்சி தாண்டியதும் என் மடியிலேயே போய்விட்டாள். பத்து நிமிசம்தான் நிற்பேன் என்றான் சாரதி. பாலத்தடியில் புதைத்தோம். வயிற்றுப் பிள்ளையோடு போனவளுக்குச் சுமைதாங்கிக் கல் நடுவது எங்கள் வழக்கம், சுமந்து வருகிறவர்கள் பாரத்தை இறக்கி வைக்க. நான் ஒரு கூழாங்கல்கூட வைக்கவில்லையே. லொறி போயிருமேன்னு ஓடி ஏறிட்டேன். என் பொண்டாட்டிய விட்டுட்டு ஏறிட்டேன். இங்கிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரம். இரண்டரை வருசமாகப் போகவில்லை.

மார்ச் 9

வீரம்மாவைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். புது அத்தியாயத்தை வாசித்தேன். பேய் பேசுகிறது: 'என் புருசன் பேரு பழனியாண்டி. நான் மண்ணுக்குள்ள கெடந்தேன். அவரு லொறியில ஏறிப் போயிட்டாரு.'

வாசித்த பிறகுதான் உறைத்தது. ராக்காயி காலத்தில் ஏது லொறி? என் பெயரை வேறு எழுதி வைத்திருக்கிறேன்.

வீரம்மா அதைப் பற்றிக் கேட்கவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எந்த எடம்ணே?" என்றாள். "எங்க வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டுப் போவோம். கல்லு தூக்க ஆள் வேணும்ல."

மார்ச் 16

அந்தப் பாலத்தடியில் பாதையோரமாக இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக்கல்லைக் கிடத்தினோம். வீரம்மா மஞ்சள் பூசினாள். நான் கையைக் கழுவிவிட்டுத் திரும்பினேன். விறகுக் கட்டோடு வந்த ஒரு சிங்களப் பெண் அதில் பாரத்தை இறக்கி வைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். அவளுக்கும் நிறைமாத வயிறு.

போகும்போது கட்டைத் தலையில் தூக்கிவிடச் சொல்லி என்னைக் கையால் கூப்பிட்டாள். தூக்கிவிட்டேன்.