யார் வீட்டுச் சுவர்

முலுண்ட்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள லிசா அப்பாவுக்கு,

மாதா உங்களைச் சுகமாக வைத்திருக்க வேண்டும். நான் லிசா வீட்டில்தான் இருக்கிறேன். எல்லோரும் நலம். உங்கள் கம்பெனி ஜெப்ரி லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். என் இஷ்டம் என்னவென்று எனக்கே தெரியாததால்தான் எழுதுகிறேன்.

செம்பூர் வீட்டைப் புதிதாகக் கட்டுவதற்காக இடிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். கோபப்படாமல் முழுதும் படியுங்கள்.

மேஸ்திரி சுடலைக்கண்ணன், "யக்கா, நம்ம வீட்ட நாம இடிக்கதுக்கு யார்ட்ட கேக்கணும்? மழைக்கு முன்ன முடிச்சிருவோம்" என்றார். உங்கள் பெயரில் உள்ள வீடுதானே என்று நானும் தலையாட்டினேன். கூரைத் தகட்டை இறக்கினார்கள். அடுக்களையை உடைத்தார்கள். பக்கத்து வீட்டு ஆஸியாவின் பக்கச் சுவரில் கடப்பாரை பட்டதும் அங்கிருந்து ஒரே அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால், அவள் அடுப்பின்மேல் செங்கல் விழுந்து கிடக்கிறது. பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். அவள் வீட்டுப் பரணைத் தாங்கும் இரும்பு நம் சுவருக்குள் செருகியிருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் அது ஒரே சுவராம். இத்தனை வருஷம் குடியிருந்தும் எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

யாரோ சொல்லி வார்டு ஆபீஸிலிருந்து ஆள் வந்தார். அனுமதி எங்கே என்றார். மீட்டரைக் கழற்றச் சொன்னீர்களா, கேஸ் பைப்பை மூடச் சொன்னீர்களா என்றார். நான் அடுப்பைத்தான் அணைத்திருந்தேன். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டின் தூசி நெஞ்சுக்குக் கெடுதலாம். தெருப் பிள்ளைகள் அதில்தான் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். கடப்பாரையை எடுக்கும் முன் தெரிய வேண்டியதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிகிறது.

அப்புறம் ஆளுக்கொரு பேச்சு. ஆபீஸ் மூடியிருக்கும் நாளாகப் பார்த்து இடித்துவிடலாம் என்கிறார் சுடலை. நம் சுவரில் இரும்பைச் செருகியதே தப்பு, ஆஸியா எடுக்கட்டும் என்கிறார் மருமகன். வீட்டை விற்றுவிட்டு இங்கேயே இரு என்கிறாள் லிசா. யார் பேசினாலும் அவர்கள் சொல்வதே சரி என்று படுகிறது. ஆஸியா மட்டும், "அண்ணி, பிள்ளையோடு நான் எங்கே போவேன்" என்று இந்தியில் ஒரு தடவை கேட்டாள். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடைசியில் லிசாவின் சிநேகிதி மாலதி வந்து பார்த்தாள். கட்டட இன்ஜினியர். முதலில் ஆஸியாவின் பரணுக்கு முட்டுக் கொடுக்க வைத்தாள். அந்தச் சுவரைத் தொடாமல், உள்ளே தள்ளி நமக்கென்று தனிச் சுவர் எழுப்பலாம், அனுமதிக்கும் எழுதிப் போடலாம் என்றாள். அப்படிச் செய்தால் பின்னறை குறுகிப்போகும். கட்டில் போட்டால் நடக்க இடமிருக்காது. உங்களுக்கென்று நான் சொல்லி வைத்திருந்த அறை அது.

அன்றைக்குப் போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. சுவர் இருக்கட்டும் என்று நானே சொல்லிவிட்டேன். சொன்னது சரியா தப்பா என்று இன்னும் குழப்பமாகவே இருக்கிறது.

மாலதி பிளான் போடக் காத்திருக்கிறாள். அறையில் ஒருவர் படுப்பதா, இருவரா என்று கேட்டாள். உங்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். லிசா கல்யாணத்துக்கும் உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. இந்தக் கிறிஸ்துமஸுக்காவது கேட்டுப் பாருங்கள். அறை சின்னதாகிவிட்டது என்று வராமல் இருந்துவிடாதீர்கள்.

உங்கள்
இருதயமேரி