அசல் அளவில் அம்மா

உன் கம்ப்யூட்டர் இப்போது என் வீட்டு ஹாலில் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் தேவி கோவில்பதாகையிலிருந்து ஆட்டோ பிடித்து, மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு திருமுல்லைவாயில் வரை வந்து இறங்கினாள். "எங்க ஊட்ல இத்த பாத்தாலே அழுக தான் வருது ஆன்ட்டி. ஒங்காண்ட இருந்தா நீங்களாச்சும் எதுனா வரைவீங்க" என்றாள். சாப்பிடச் சொன்னேன். உன்னைப் போலவே ரசத்தை மட்டும் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

ஐந்து நாள் தூசி மட்டும் துடைத்தேன். இன்று காலைதான் துணிந்து சுவிட்சைப் போட்டேன். கம்ப்யூட்டரோடு இணைத்து வரையும் பலகையை உன் பழைய பச்சை ரவிக்கைத் துணியில் சுற்றி வைத்திருந்தாய். பிரித்ததும் உன் வீட்டுச் சாம்பிராணி வாசனை வந்தது. பெயின்டிங் புரோகிராமைத் திறந்து புதுப் படம் என்று கொடுத்தேன். வழக்கம்போல அளவு கேட்டது. கடைசியாக யார் எதை அடித்தார்களோ அந்த எண்களை அது மறக்காமல் காட்டும் இல்லையா, காட்டியது. அகலம் 600. உயரம் 1570. மில்லிமீட்டரில். நீ வரைந்த உன் அம்மா படத்தின் அளவு அதுவல்ல என்று எனக்குத் தெரியும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், பம்பு உதிரி பாகம் செய்யும் அந்தக் கம்பெனியின் வரைபடப் பிரிவில், இருபத்திரண்டு வருஷம் நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து மேஜை. காலையில் நீ ஆவடியில் ஏறி, லேடீஸ் பெட்டியில் எனக்காக ஒரு சீட்டில் பையை வைத்துவிடுவாய். யாராவது கேட்டால் "ஆளு வருது" என்பாய், அதிலும் ஏதோ கலெக்டர் வருவதைப்போல. திருமுல்லைவாயிலில் நான் ஏறி உட்காருவதற்கும் பட்டரவாக்கத்தில் இறங்குவதற்கும் இரண்டே நிறுத்தம். அதற்குப் போய் சீட்டா என்று நான் சிரித்தாலும் நீ விட்டதில்லை. நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த புதிதில், "இன்னாமே, ஊருக்குப் புதுசா?" என்று நீ கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. 'மே' என்பதை ஏதோ மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொண்டு ஒரு வாரம் முகம் கொடுக்காமல் இருந்தேன். பிடித்தவர்களைத்தான் நீ அப்படிக் கூப்பிடுவாய் என்று புரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது.

உன் அம்மா இறந்த பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தேன். ஹாலில் மாலை போட்டு ஒரு பெரிய படம். ஆதார் அட்டையில் இருந்த முகத்தை வெட்டி, கழுத்துக்குக் கீழே யாரோ ஒருத்தியின் பட்டுப்புடவை உடம்பை ஒட்டி, பின்னால் நீலத் திரைச்சீலை போட்டு ஸ்டூடியோக்காரர் கொடுத்திருந்தார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் மாட்டுகிறார்கள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நீ என் கையைப் பிடித்து இழுத்துப் போய் அதன் முன்னால் நிறுத்தினாய்.

"இது யாரு ஒடம்புமே? எங்கம்மாக்கு ஏது இம்மாம் பெரிய தோளு? நாத்து நட்டு நட்டு குள்ளமாவே போனவ அது. போட்டோல பூந்துட்டா எல்லாரும் ஒரே சைஸு ஆயிடறாங்க பாரு."

அழுதுவிடுவாய் என்று நினைத்தேன். நீயோ அலமாரியிலிருந்து அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து வந்து காட்டினாய். உயரம் 142 செ.மீ. என்று நர்ஸ் எழுதியிருந்தார். "ஆயிரத்து நானூத்தி இருவது மில்லிமீட்டர்" என்றாய். நம் தொழிலில் யார் சென்டிமீட்டரில் பேசுகிறார்கள்! "நானே வரையப் போறேன். அவ ஒடம்போட, அவ ஒசரத்துக்கு."

என் மகன் பெங்களூரு வேலைக்குப் போகும்போது விட்டுச்சென்ற வரையும் பலகையும் பேனாவும் என் வீட்டில் சும்மா கிடந்தன. புரோகிராமையும் அவனே கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தான். அடுத்த சனிக்கிழமை மதியம் இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்தோம். இருபத்திரண்டு வருஷம் திரையில் கோடு போட்டவர்களாயிற்றே, இது என்ன பெரிய விஷயம் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது. முதல் கோடு போட்டேன். மண்புழு ஊர்ந்த மாதிரி வந்தது. கண் திரையிலும் கை பலகையிலும் இருக்க, இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை என்பதுபோல் நடந்துகொண்டன. நீ பேனாவை வாங்கினாய். கோடு நேராகப் போக வைக்கும் பொத்தான் எங்கே என்று முதலில் தேடினாய். பிறகு அளவு குறிக்கும் அம்புக்குறியைத் தேடினாய். இரண்டும் இல்லை என்றதும், "இன்னாமே இது, ஒரு கணக்கும் இல்லாத ஊரா கீது" என்றாய்.

புதுப் படத்துக்கு அளவு கேட்டது. நீ யோசிக்கவே இல்லை. அகலம் 600, உயரம் 1420 என்று அடித்தாய். ஆபீசில் நாம் அப்படித்தானே பழகியிருக்கிறோம். பொருள் எவ்வளவு பெரிதோ அதே அளவில் திரையில் வரைவது, தாளில் எடுக்கும்போது வேண்டுமானால் சுருக்கிக்கொள்வது. ஆனால் இந்தப் புரோகிராமுக்கு ஒவ்வொரு புள்ளியையும் நினைவில் சுமக்க வேண்டியிருக்கிறது. என் பழைய மெஷின் மூச்சு வாங்கியது. பிரஷ்ஷை இழுத்தால் மூன்று வரை எண்ணிய பிறகுதான் நிறம் வந்து சேர்ந்தது.

"ஏன்டி, கொஞ்சம் சின்னதா வச்சுக்கிட்டா குறைஞ்சா போயிரும்?" என்று கேட்டேன்.

"அம்மா கொறஞ்சி பூடுவா இல்ல?" என்றாய்.

நீ ஒரு கோடு போடும் முன்னாலேயே, கண்ணாடித் தாள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் லேயர்களை எல்லாம் வரிசையாக உண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தாய். அதுவும் ஆபீஸ் பழக்கம்தான். புடவை. கை. மூக்குத்தி. நரை. கால் வெடிப்பு. வெறும் பெயர்களாகவே உன் அம்மா திரையின் ஓரத்தில் வந்து நின்றுவிட்டாள். அப்புறம் சனிக்கிழமை தவறாமல் வந்தாய். டிரேசிங் தாளில் அழுத்துவதுபோல் அழுத்தி இரண்டு பேனா முனைகளைத் தேய்த்துத் தீர்த்தாய். வலது முன்கையில் கஞ்சி கொட்டிச் சுட்ட தழும்பு, அதற்கு மட்டும் மூன்று சனிக்கிழமை. தோலின் நிறம் வரவில்லை வரவில்லை என்று அழித்து அழித்துப் போட்டாய். சேவ் கொடுத்தால் டீ போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கும் வரைக்கும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். உனக்கு அது பிடித்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இனி எழுதப்போவதைத்தான் இத்தனை நாள் எழுதாமல் தள்ளிப் போட்டேன். ஒரு புதன்கிழமை நான் லீவு. உனக்கு உதவுகிறேன் பேர்வழி என்று உன் படத்தைத் திறந்தேன். பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினேன். மெஷின் பறந்தது. அதே பெயரில் சேவ் கொடுத்தேன். வரைந்து முடித்ததும் பத்து மடங்கு பெருக்கினால் பழையபடி ஆகிவிடும் என்று ஒரு துளி சந்தேகம்கூட இல்லை. ஆபீஸ் மென்பொருளில் ஒரு கோட்டை எத்தனை முறை சுருக்கினாலும் விரித்தாலும் கோடு கோடாகவே இருக்கும். அதிலேயே ஊறிப்போனவள் நான். வேறு யாராக இருந்தாலும் ஒரு நகலாவது எடுத்து வைத்திருப்பார்கள்.

சனிக்கிழமை நீ வந்ததும், "பாரு, இப்ப எப்படி ஓடுதுன்னு" என்று பெருமையாகக் காட்டினேன். நீ நேராகக் கைத் தழும்பைப் பெரிதாக்கிப் பார்த்தாய். அங்கே நாலைந்து பழுப்புக் கட்டங்கள் இருந்தன. "இரு, பெருசாக்குனா வந்துரும்" என்று பத்து மடங்கு பெருக்கினேன். அம்மாவின் முகம் மழையில் நனைந்த பஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அண்டூவை அழுத்தினேன். அது நான் அப்போது செய்ததைத்தான் திருப்பியது, புதன்கிழமைக்குப் போகவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினேன். நீ என் கையை மெல்ல எடுத்துவிட்டாய். "டிரெயினுக்கு நேரமாச்சி" என்று பையை எடுத்துக்கொண்டாய். மணி மூன்றுகூட ஆகியிருக்கவில்லை.

திங்கட்கிழமை டிரெயினில் எனக்கான சீட்டில் உன் பை இருந்தது. எடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அடுத்த நாளும் அப்படித்தான். சீட்டு உண்டு, பேச்சு இல்லை. அந்த நேரத்திலாவது நான் மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பட்டரவாக்கம் படிக்கட்டில் உன் பின்னாலேயே நடந்துகொண்டு, புள்ளிகளால் ஆன படத்துக்கும் கோடுகளால் ஆன படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினேன். தப்பு என் மேல் இல்லை, புரோகிராமின் மேல்தான் என்று நிரூபிக்கப் பார்த்தேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் வாய்க்கு அன்று நீ ஒரு அறை விட்டிருந்தாலும் தகும்.

ஒன்பதாம் நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், உன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு கருவாட்டை எடுத்து என் மூடியில் வைத்தாய்.

"போனா போவுதுமே. மறுபடி வரையணும்னா மறுபடி அம்மா மூஞ்சியவே பாத்துகினு குந்தலாம் இல்ல? எனக்கு இன்னா நஷ்டம்?"

அப்போதும் அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. அன்று சாயங்காலம் வரையும் பலகையையும் பேனாவையும் கொண்டுவந்து உன்னிடம் கொடுத்து, இனி உன் வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

தேவி வாங்கிக் கொடுத்த இந்தக் கம்ப்யூட்டரில் நீ முதலிலிருந்து தொடங்கினாய். அதே 600, அதே 1420. ஏழு மாதம் ஆயிற்று. ஆவடி மார்க்கெட் பக்கத்தில் இருந்த ஃபிளெக்ஸ் கடைக்கு நாம் இருவரும்தான் போனோம். கடைக்காரர் படத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அக்கா, இவங்க எந்த ஏரியா கவுன்சிலர்?" என்று கேட்டார். இல்லை, என் அம்மா என்றாய். "அப்ப ஓரத்துல ரெண்டு புறா பறக்க உட்டுடலாமா?" என்றார். "எங்கம்மாக்கு புறான்னாலே ஆவாது. வத்தல் காய வெக்க உடாது" என்று நீ சொன்னதும் அவர் பேசாமல் பிரின்ட் போட்டார்.

உன் வீட்டுச் சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் பலகையில் ஒட்டி நிறுத்தினோம். சாயம்போன நூல் புடவை, வெடித்த கால், கையில் தழும்பு. யாரோ வந்திருப்பதைப் பார்ப்பதுபோல் கொஞ்சம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு உன் அம்மா நின்றாள். பட்டுப்புடவைப் படத்தை நீ அன்றே கழற்றிவிட்டாய். போய் அம்மாவை ஒட்டி நின்று தலைக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாய். "அம்மாவ உட ரெண்டு வெரக்கட தாம்மே நானு ஒசரம்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அழுதாய்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்து என்னைச் சுவரோடு நிறுத்தினாய். "நிமிந்து நில்லுமே. மூச்ச புடிக்காத." தரையிலிருந்து தலை வரை டேப்பை இழுத்தாய். எதற்கு என்று கேட்டேன். "சொம்மாத்தான். தெரிஞ்சி வெச்சிகினா நல்லது" என்றாய். எண்ணை நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நாலு மாதம் இருந்தாய். மூன்று நாள் காய்ச்சல் என்று லீவு சொன்னவள் நாலாம் நாள் இல்லை. இப்போதும் டிரெயின் வந்ததும் என் கண் முதலில் சீட்டில் பை இருக்கிறதா என்றுதான் தேடுகிறது.

இன்று காலை அந்த 1570-ஐப் பார்த்துவிட்டு எழுந்து போய் டேப்பை எடுத்து, வாசல் நிலையில் சாய்ந்து நானே என்னை அளந்தேன். அதே 1570. பிறகு உன் கோப்புகளைத் தேடினேன். ஒன்றில் என் பெயர் இருந்தது. திறந்தால் வெள்ளை. ஒரு கோடுகூட இல்லை. ஓரத்தில் லேயர்கள் மட்டும், உன் வழக்கப்படி, வரைவதற்கு முன்னாலேயே பெயர் வைத்து வரிசையாக நின்றன. மூக்குக் கண்ணாடி. காட்டன் புடவை. வாட்ச். சாப்பாட்டுப் பை. கோவம். அதற்கு மேலே, எல்லாவற்றுக்கும் மேலே, சிரிப்பு.

உன் அம்மாவை அழித்தவளை, அம்மாவுக்குப் பக்கத்தில் முழு உயரத்துக்கு நிறுத்த நினைத்திருக்கிறாய். நான் கேட்காமலேயே மன்னித்துவிட்டாய், அதையும் என்னிடம் சொல்லவில்லை. ஹாலில் தனியாக உட்கார்ந்து, வாய்விட்டு, திரையைப் பார்த்துச் சொன்னேன். என்னை மன்னித்துவிடு. நான் செய்தது தப்புதான். விளக்கம் எதுவும் இல்லை.

நீ என்னை அளந்தாய். நான் உன்னை ஒரு நாளும் அளந்ததில்லை. ஆனால் அம்மாவை விட இரண்டு விரற்கடை என்று சொல்லியிருக்கிறாய். உன் விரல் எனக்குத் தெரியும், பக்கத்து மேஜையில் இருபத்திரண்டு வருஷம் பார்த்த விரல். இரண்டு விரற்கடை என்றால் நாற்பது மில்லிமீட்டர். புதுப் படம் கொடுத்து, அகலம் 600, உயரம் 1460 என்று அடித்தேன். லேயர்களுக்குப் பெயர் வைத்தேன். சீட்டுப் பை, கருவாட்டு டப்பா, ஸ்டீல் டேப், பச்சை ரவிக்கை. மீதி தோன்றத் தோன்ற வைத்துக்கொள்ளலாம். பேனாவை எடுத்து, அழுத்தாமல், உன் தோளின் கோட்டை மட்டும் போட்டேன். மண்புழு ஊர்ந்த மாதிரிதான் வந்தது.

சேவ் கொடுத்தேன். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றட்டும் என்று எழுந்துபோய் டீக்குத் தண்ணீர் வைத்தேன்.