கூழைத் தள்ளிவைத்தவளுக்கு

இன்று காலை கேழ்வரகுக் கூழ்ப்பானையைத் திறந்தேன். புளித்த வாசம் முகத்தில் அடித்ததும் நீ வந்து பக்கத்தில் நின்றுவிட்டாய். நீ போய் இத்தனை வருடமாகியும் இந்த வாசத்துக்கு மட்டும் தவறாமல் வருகிறாய். வந்து, அன்றைக்குப் போலவே மூக்கைச் சுளிக்கிறாய்.

எழுபதுகளில், சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டின் லயத்து வரிசை வீடுகளில், நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். வேலைக்குக் கிளம்பும்போது கூழும் கீரையும் நீட்டினால் தள்ளிவிடுவாய். "இதத் தின்னுட்டு மலையில எங்கட்டி ஒதுங்க? தேயிலச் செடி நெரைய விட்டு நகந்தா கங்காணி கத்துவான். அத்தன ஆம்பளைகளும் திரும்பிப் பாப்பாக" என்பாய். உனக்கு வெள்ளைச் சோறு, பன், பால் ஊற்றாத கட்டன் சாயா போதும். தண்ணீர்கூட வாயை நனைக்கத்தான். வயிற்றைக் கட்டிப்போட்டால் மானம் தப்பும் என்று நினைத்தாய். நீ மட்டுமா? நம்மோடு கொழுந்து கிள்ளிய பெண்களில் பாதிப்பேர் அப்படித்தான் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விளக்கெண்ணெய் குடிப்பாய். "இன்னைக்குத்தான் என் வயித்துக்கும் லீவுட்டி" என்று, இறுகிய வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரிப்பாய். பாவி, நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

ஒரு மழைக்காலத்தில் வயிறு ஊதி, வாந்தியெடுத்து, நெரையிலேயே விழுந்தாய். ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய ஜீப் போடிமெட்டு வளைவுகளில் இறங்கியபோது உன் தலை என் மடியில். "கூடை நனையுதுட்டி, எடுத்து வையி" என்றாய். அதுதான் உன் கடைசிப் பேச்சு. குடல் முறுக்கிக்கொண்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஏன் முறுக்கியது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. உன்மேல் இல்லை, நாம் ஒதுங்க நாலு தட்டி வைத்து ஒரு மறைப்புக்கூடக் கட்டித் தராத எஸ்டேட்காரர்கள்மேல்.

போன மாதம் மகள் என்னை ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள். "குடலுக்குள்ள நல்ல கிருமிகள் குடியிருக்கும்மா. நம்மால செமிக்க முடியாத நார்தான் அதுகளுக்குச் சாப்பாடு. அதுக நல்லா இருந்தா குடலும் நல்லா இருக்கும். கீரையும் கூழும் விட்டுடாதீங்க" என்றார். உனக்குள் பட்டினி கிடந்த அந்த உயிர்களை நினைத்து அங்கேயே அழுதுவிட்டேன். டாக்டரம்மா பயந்துபோனார்.

தினமும் கீரை சாப்பிடுகிறேன். கழிப்பறையும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் வெளியூர் கிளம்பும் நாளில் கீரைக்கு நீட்டிய கை பாதியில் நின்றுவிடுகிறது. "எங்கட்டி ஒதுங்குவ?" என்று காதருகில் கேட்கிறாய். தட்டை நகர்த்திவைக்கிறேன்.