கேட்டுக்கு ஓடிய ஏழு நிமிஷம்

9, திங்கள்
காலையிலேயே புழுக்கம். கடல்காற்று செத்துப்போச்சு. வடக்குப் பக்கம் ஆறு வரிசை புல் அறுப்பு. மிஷின் கூடாது, அதன் தீப்பொறி கம்பிகளுக்குக் கேட்டுவிடுமாம். எங்கள் நிலையத்தில் நட்டிருக்கும் கம்பிகளுக்குப் பகல் முழுக்க ஒரே வேலை, சூரியன் போடும் இரைச்சலைக் கேட்பது. அதனால் எங்களுக்கு அரிவாள். அதே காரணத்துக்காக வேலிக்குள் செல்போனையும் அணைத்து வைக்க வேண்டும். கேட் தாண்டித்தான் போடலாம்.

எத்திராஜும் நானும் இருபது வருஷமாய் இதே புல். இனி எத்தி என்றே எழுதுகிறேன், மை மிச்சம். இன்று அவன் புதுச் சட்டையில் வந்தான்.
"இன்னா மச்சான், பொண்ணு பாக்கப் போறியா?"
"ஆமா, உன் வூட்டுக்குத்தான். உன் தங்கச்சி கீறாளா?"
"அதுக்குப் பேரனே கீறான்டா."
வாங்க: சோப்பு, கொசுவத்தி, முட்டிவலித் தைலம்.

10, செவ்வாய்
எத்தி ஆஸ்பத்திரியில். நாளைக்கு எழுதுகிறேன்.

11, புதன்
நேற்று பதினோரு மணி. எத்தி அரிவாளைப் போட்டுவிட்டு ஒரு கம்பியடியில் உட்கார்ந்தான். நடிக்கிறான் என்று நினைத்தேன். "ஏந்திரிடா, சூரியன் உன்னப் பாத்து சிரிக்குது" என்றேன்.
"நெஞ்சு இன்னாவோ பண்ணுது மச்சான்."
முகமெல்லாம் வேர்வை. மடியிலிருந்த போனை எடுத்தேன். எடுத்துக்கொண்டு ஓடினேன். பம்ப் ஷெட் தாண்டி, கேட் தாண்டி, தார் ரோட்டில் நின்றுதான் பொத்தானை அமுக்கினேன். 108க்குச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தால் சரிந்து கிடந்தான்.

அவன் பக்கத்திலேயே நின்று போட்டிருக்கலாம். போன் கையில்தான் இருந்தது. புத்தி வருவதற்குள் கால் கேட்டுக்கு ஓடிவிட்டது. இன்று காலை அதே வழியில் கடிகாரம் பார்த்து ஓடிப் பார்த்தேன். ஏழு நிமிஷம்.

12, வியாழன்
செங்கல்பட்டு ஆஸ்பத்திரி. கண்ணாடி வழியே எத்தி. மூக்கில் வாயில் குழாய். அவன் பெண்சாதி செல்வி தரையில் உட்கார்ந்திருந்தாள். "நீ கூட இருந்ததாலதான் இம்மாந்தூரம் வந்துகீது அண்ணே." தலை நிமிரவில்லை எனக்கு. டாக்டர், "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா நல்லாயிருந்திருக்கும்" என்றார். எவ்வளவு முன்னாடி என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.
செல்விக்கு இட்லி. சாப்பிடவில்லை.

13, வெள்ளி
விடியும்போது போய்விட்டான். சாயந்தரம் சதுரங்கப்பட்டினத்தில் அடக்கம். நானும் தோள் கொடுத்தேன். "எடையக் கொஞ்சம் கொறச்சிருக்கலாமேடா" என்று மெதுவாய்ச் சொன்னேன். பதில் இல்லை. இருபது வருஷத்தில் முதல் தடவை.

16, திங்கள்
தூறல். வேலைக்குப் போனேன். அவன் விட்ட வரிசை பாதியில் நிற்கிறது. அதைத் தொடாமல் அடுத்ததை அறுத்தேன்.

கம்ப்யூட்டரில் சூரியப் பதிவைப் பார்க்கும் லாவண்யா மேடம் குடையோடு வயலுக்கே வந்தார். கண் சிவந்திருந்தது.
"அண்ணா, செவ்வாய்க்கிழமை அவர் விழுந்த அதே நேரத்துல சூரியன்ல பெரிய வெடிப்பு. ரொம்ப நாளா இதுக்குத்தான் காத்திருந்தோம். பதிவுல ஒரு கீறல் இல்ல, அவ்ளோ சுத்தம். அந்த நெலமையிலயும் நீங்க வெளிய போய்த்தான் போன் போட்டிருக்கீங்க."
"இங்கயே போட்டிருந்தா இன்னாம்மா ஆயிருக்கும்?"
"பெருசா ஒண்ணுமில்லண்ணா. அந்த ரெண்டு நிமிஷத்த மட்டும் வெட்டிட்டு மிச்சத்த வெச்சுப்போம்."

ரெண்டு நிமிஷம்.

மத்தியானச் சோற்றை நாய்க்குப் போட்டேன்.

செல்வியிடம் சொல்லிவிட வேண்டும், போன் என் கையில்தான் இருந்தது என்று. அவள் வாயில் என்ன வந்தாலும் வரட்டும். நாளைக் காலை எட்டுக்குள் போனால் வீட்டில் இருப்பாள்.