மாடிப்படிக்கு அடியில் ஒரு மிருகம்

அன்பும் ஆத்திரமும் சரிபாதி கலந்த இந்தக் கடிதத்தைப் பெறப்போகும் அக்காவுக்கு,

இதனால் உலகத்தாருக்கும், குறிப்பாக உனக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுக் குளியலறைக் குழாய் மூன்று நாள் ஓயாமல் சொட்டிவிட்டு, நேற்றுக் காலை பத்தே காலுக்குத் தன் பணியை முடித்துக்கொண்டது. வாஷரை மாற்றிய மாவீரன் உன் தம்பி. அப்பா கட்டிலில் கவிழ்ந்து படுத்தபடியே, "இடது பக்கம் திருப்புடா... உன் இடது இல்லடா, குழாயோட இடது!" என்று அடுத்த அறையிலிருந்து கத்தியது உண்மைதான். ஆனாலும் ஸ்பேனர் என் கையில்தான் இருந்தது. வரலாறு அதைத்தான் எழுதிக்கொள்ளும்.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து இன்றோடு பன்னிரண்டு நாள். கிழிந்த விழித்திரை ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காக உள்ளே ஒரு காற்றுக் குமிழியை விட்டிருக்கிறார்கள். குமிழி நகராமல் இருக்க அவர் முகம் எப்போதும் தரையைப் பார்த்தே இருக்க வேண்டுமாம். அதனால் கவிழ்ந்து படுக்கை, கவிழ்ந்தபடி சாப்பாடு, காபி மட்டும் உறிஞ்சுகுழலில். முப்பது வருஷம் லிஃப்ட் குழிகளை எட்டிப் பார்த்த மெக்கானிக், இப்போது கட்டில் விளிம்புக்கு வெளியே தலையை நீட்டி, ஏழே ஏழு டைல்ஸைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். நாலாவது டைல்ஸ் கோணலாம். ஒட்டியவன் யார் என்று தினமும் என்னிடம் விசாரணை. இன்னொரு கண்ணில் ஏற்கெனவே பாதிப் பார்வை என்பதால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி தெரிகிறது. இன்னும் ஒரு மாதத்துக்குப் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையிலிருந்து வீடு திரும்ப மாலை ஆறாகிறது. பள்ளி விடுமுறை. ஆக, பகல் முழுக்க நர்ஸ் நான்தான். சிரிக்காதே.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். கண்ணைக் கட்டியதிலிருந்து அப்பாவின் காது இரண்டு மடங்கு கூராகிவிட்டது. நான் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால்கூட, எத்தனை எடுத்தேன் என்று சொல்லிவிடுகிறார். நான் சொல்லப்போவது அந்தக் காதில் விழக் கூடாது.

இப்போது விஷயம். எழுந்து நின்று படித்துக்கொண்டிருந்தால் உட்கார்ந்துகொள்.

உன் நாவலுக்குள் ஒரு மிருகத்தை விட்டுவிட்டார்கள்.

ஆமாம், உன் நாவல்தான். எதற்காக அப்பா வாங்கிக்கொடுத்த அலுவலக வேலையை விட்டுவிட்டு, ஆராய்ச்சி செய்ய அவ்வளவு தூரம் போனாயோ, அதே நாவல். ஒரு வீட்டின் மூத்த பெண் நானூறு பக்கம் பெட்டி கட்டுகிறாள், பிரிக்கிறாள், மறுபடி கட்டுகிறாள், கடைசியில் போயே போய்விடுகிறாள். ஏன் போனாள் என்று எழுதியவர் சொல்லாமலே செத்துப்போனார். அதைக் கண்டுபிடிக்கத்தானே நீ அங்கே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாய்? இனி உடைக்க வேண்டாம். கண்டுபிடித்துவிட்டார்கள். மாடிப்படிக்கு அடியில் ஒரு மிருகம் இருந்ததாம்.

நம் தெருமுனைப் புத்தகக் கடை, ஜெராக்ஸ் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்குமே, அதன் கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்த்தேன். அட்டையில் அந்தப் பெண் பெட்டியோடு நிற்கிறாள். பின்னால் படிக்கட்டு இடுக்கில் இரண்டு சிவப்புக் கண்கள். மேலே ஒரு வட்டத்துக்குள், 'புதிய பதிப்பு: இப்போது மிருகத்துடன்!' பிஸ்கட் பாக்கெட்டில் பொம்மை இலவசம் என்று போடுவது மாதிரி. எனக்கு உச்சந்தலையில் சூடு ஏறிவிட்டது.

உள்ளே போய் நியாயம் கேட்டேன். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எழுதினவரு போய் எம்பது வருஷமாச்சு தம்பி. அவரே கேக்கல, உனக்கென்ன?" என்றார். "செத்தவரு எப்படிங்க கேப்பாரு? மிருகம் போட்டாதான் விக்கும்னா, உங்க கல்லாப்பெட்டிக்கு அடியிலயும் ஒண்ணு போட்டு வைங்க" என்றேன். கடையில் நின்ற ஒரு மாமி சிரித்தேவிட்டார். கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன், கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் புத்தகம் இல்லை. வெறும் இடம்தான் இருந்தது. தனி ஆளாக நின்று ஒரு மிருகத்தைத் தெருவை விட்டே துரத்தியிருக்கிறேன். அங்கே உன் பேராசிரியரிடம் சொல்லி வை.

சேர்த்ததையாவது ஒழுங்காகச் சேர்த்தார்களா? அந்தப் பெண்ணும் அவள் தோழியும் பேசாமல் போர்வை மடிக்கும் இடம் ஒன்று வருமே, நீ ஓரத்தில் பென்சிலால் 'இங்கேதான் உயிர் இருக்கிறது' என்று எழுதியிருப்பாயே, அங்கே போர்வைக்குள்ளிருந்து அறுந்த கை ஒன்று விழுகிறது. மடிப்பவர்களுக்கு அது யாருடைய கை என்றுகூடத் தோன்றவில்லை. கையை ஓரமாக வைத்துவிட்டு மிச்சப் போர்வையை மடிக்கிறார்கள்! ஆறாம் அத்தியாயத்தில் மிருகம் தபால்காரரை முழுசாக விழுங்குகிறது, தொப்பியோடு. ஒன்பதாம் அத்தியாயத்தில் அதே தபால்காரர் "அம்மா, தபால்" என்று வாசலில் நிற்கிறார். பழைய பக்கத்தை எடுக்க மறந்துவிட்டார்கள். விழுங்கப்பட்டும் வேலைக்கு வந்த ஒரே அரசு ஊழியர் அவராகத்தான் இருப்பார். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மிருகத்துக்கு வால் இருக்கிறது. இருநூற்று நாற்பதில் இல்லை. நடுவில் யார் வெட்டினார்கள்?

நீ இப்போது புருவத்தைத் தூக்கியிருப்பாய். கடையில் நின்ற நேரத்தில் இவ்வளவும் எப்படித் தெரிந்தது என்று.

சரி. சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக்குப் பின்னால் இடம் காலியானதற்குக் காரணம், இருந்த ஒரே பிரதியை நான் வாங்கிவிட்டேன்.

கடிதத்தைக் கசக்காதே, காரணம் கேள். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அப்பா என்னைக் கூப்பிட்டு, "அவ ஒரு புக்கை வச்சிக்கிட்டு அழுவாளே, அது வீட்ல இருக்கா? எடுத்துட்டு வந்து படி" என்றார். 'அவ' என்றால் நீதான். இரண்டு வருஷம் நாலு மாதமாக இந்த வீட்டில் அந்த 'அவ' காதில் விழவில்லை. நீ போன் செய்தால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார், தெரியுமல்லவா? இப்போது அவரால் எழுந்து போக முடியாது. அதனாலா, வேறு எதனாலா, எனக்குத் தெரியாது. கேட்டார்.

நீ விட்டுப்போன பிரதியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு வாசித்தேன். அவர் மேலே கவிழ்ந்து, நான் கீழே மல்லாந்து, நடுவில் உன் நாவல். இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாளும் முதல் பெட்டியே கட்டி முடியவில்லை. "டேய், இந்தப் பொண்ணுக்கு என்னதாண்டா பிரச்சினை? சோறு இருக்கு, வீடு இருக்கு. போதும், மூடி வை. இதுக்காகவா அவ..." என்றார். பாதியில் நிறுத்திக்கொண்டார். மூடி வைத்தால் புத்தகத்தோடு உன்னையும் மூடி வைத்துவிடுவார் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அப்போதுதான் கடைக்குப் போனேன்.

மறுநாள் மிருகத்தோடு வாசித்தேன். உறுமல்கூட நானே போட்டேன். அப்பாவுக்குத் தூக்கமே போய்விட்டது. "அடுத்து? அடுத்து?" என்று கட்டில் ஆடியது. தபால்காரர் உயிரோடு வந்ததைப் பிடித்ததும் அவர்தான். "டேய், அவனத்தான் அது தின்னுடுச்சே?" அவர் கேட்டுக்கொண்டிருப்பதுதான் நீ அழுத புத்தகம் என்று இன்றுவரை நம்புகிறார்.

போன வாரம், அவள் பெட்டியோடு இறங்கும் அத்தியாயம் வந்தது. யாராவது வாசல் கதவைத் திறந்தாலே இந்த மிருகம் கத்தும். படிக்கட்டை விட்டு வெளியே வர அதற்குத் தெரியாது. அவள் இறங்க இறங்கக் கத்திக்கொண்டே இருக்கிறது. அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறாள். வாசித்து முடித்தேன். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு சொன்னார்:

"கத்துறதுக்குப் பதிலா, அந்தப் பெட்டிய நாலு மாடி தூக்கிக் குடுத்திருக்கலாம் அது."

புத்தகத்து வீட்டில் ஒரே மாடிதான் அக்கா. நாலு மாடி நம் கட்டடத்தில். அன்றைக்கு நம் லிஃப்ட் பழுது. லிஃப்ட் மெக்கானிக் வீட்டுப் பெண் பெட்டியைப் படிப்படியாக இழுத்துக்கொண்டு இறங்கினாள். அவர் மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். எல்லா மாடியிலும் கதவு திறந்தது. நான் உன் இன்னொரு பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். கத்தலுக்கு நடுவில் அழுதுகொண்டும் இருந்தார் என்று மேலே நின்ற அம்மாதான் பிறகு என்னிடம் சொன்னார்.

இப்போது கேள், நான் ஏன் கொதிக்கிறேன் என்று. கடைசி அத்தியாயத்தை முன்கூட்டியே படித்துப் பார்த்தேன். அந்தப் பெண் திரும்பி வருகிறாள். கையில் எண்ணெய் டின். மிருகத்தைப் படிக்கட்டோடு வைத்துக் கொளுத்திவிட்டுச் சிரிக்கிறாள். முற்றும். எரிக்கிறார்கள் அக்கா! பழைய புத்தகத்தில் அவள் திரும்பி வருவதே இல்லையே? வரவழைப்பதுதான் வரவழைத்தீர்கள், இதற்கா வரவழைத்தீர்கள்? அது ஒரு நாள் கத்தியது, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு எண்ணெய் டின்னா? அப்பா தினமும், "அந்தப் பொண்ணு திரும்பி வருவாளாடா?" என்று கேட்கிறார். இதை எந்த வாயால் வாசிப்பேன்?

அதனால் கடைசிப் பதினாறு பக்கத்தையும் பசை போட்டு ஒட்டிவிட்டேன். "பைண்டிங் தப்புப்பா, பக்கமெல்லாம் ஒட்டிக்கிச்சு" என்றேன். அவர் கையைக் கீழே நீட்டி, விரலால் அந்தத் தடிப்பைத் தடவிப் பார்த்தார். "அவகிட்ட முழுசா ஒண்ணு இருக்கும்ல? கடைசியில என்ன ஆச்சுன்னு எழுதச் சொல்லேன்" என்றார். மறுபடி, "நான் கேட்டேன்னே சொல்லு" என்றார்.

சொல்லிவிட்டேன்.

அக்கா, அந்த நாவலை உலகத்தில் உன்னை விட நன்றாகத் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்தால் அதிகம். கடைசி அத்தியாயத்தை நீ எழுது. பத்துப் பக்கம் போதும். 'நாவலில் மிருகமே கிடையாது' என்று மட்டும் அவருக்கு எழுதிவிடாதே, உன் காலில் விழுகிறேன். மிருகம் இருக்கட்டும். பாவம், அதற்குப் பெட்டி தூக்கத் தெரியும் என்று எழுது. பேராசிரியருக்குத் தெரிந்தால் பழியை என் மேல் போடு. தபாலில் அனுப்பினாலும் சரி. அல்லது, கட்டிலுக்கு அடியில் இன்னொருவர் மல்லாந்து படுக்க இடம் இருக்கிறது, நீயே வந்து வாசித்தாலும் சரி. கட்டட லிஃப்ட் இப்போது நன்றாக ஓடுகிறது. ஆபரேஷனுக்கு முதல் நாள் வரை மாதம் இரண்டு முறை அவரே பார்த்துவந்தார், யாரும் கேட்காமல்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதிலைச் சீக்கிரம் எழுது.

இப்படிக்கு,
மிருகத்தைத் துரத்தாத உன் வாலு

பின்குறிப்பு: அப்பாவுக்காகத்தான் பக்கங்களை ஒட்டினேன் என்பது முக்கால் உண்மை. ஒட்டுவதற்கு முன்னால், வாசித்துவிடலாமா என்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுப் பழகிப் பார்த்தேன். இரண்டாவது பத்தியில் குரல் உடைந்துவிட்டது. முகத்தைக் கழுவிவிட்டு, கோபத்தில் குழாயை ஒரே முறுக்காக முறுக்கி மூடினேன். வாஷர் போனது அப்போதுதான். ஆக, அந்தக் குழாயைச் சொட்ட வைத்ததும் நான்தான்.