படம் எங்கே, வனராணி அக்கா?

12.3.2006

பால் திரிந்துவிட்டது. காபி இல்லாமல் இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேப்பர் படித்தார். ஒரே புழுக்கம். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது என்று பேர்தான். காற்று என்னவோ பெரிய அதிகாரிகள் குடியிருக்கும் தெருவோடு நின்றுவிடுகிறது.

அதெல்லாம் பரவாயில்லை. இன்டர்நெட்டில் நான் சேர்ந்திருக்கும் பூந்தொட்டி மன்றத்தில் இன்று ஓர் அறிவிப்பு. மன்றத்தை நடத்தும் தோட்டத்துரை எழுதியிருக்கிறார் (சிங்கப்பூரில் பதினாலாவது மாடியில் இருக்கிறார், அவர் தோட்டத்தில் ஒரு கள்ளிச்செடி உண்டு): ‘அன்பு உறவுகளே, இனி உங்கள் பதிவுகளில் படமும் இணைக்கலாம். நூறு கேபிக்குள் இருக்கட்டும்.’ கீழே ஆளாளுக்குக் கைதட்டும் பொம்மை போட்டிருக்கிறார்கள்.

உடனே கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன்.

இரண்டு வருஷமாக அந்த மன்றத்தில் நான் ‘வனராணி’. என் தோட்டத்தில் முல்லைப் பந்தல் இருக்கிறது, மூன்று தினுசு கத்தரி காய்க்கிறது, சிமெண்ட் தொட்டியில் தாமரை பூக்கிறது. எல்லாம் எழுத்தில். கனடா கமலி பனிக்குள் உட்கார்ந்துகொண்டு, ‘அக்கா, உங்க முல்லை வாசம் இங்க வரைக்கும் வருது’ என்று ஒருமுறை எழுதினாள். நானும் நன்றி சொன்னேன்.

உண்மையில் எனக்கு இருப்பது முதல் மாடிக் குவார்ட்டர்ஸில் ஒரு பால்கனி. அதில் ஒரு காலி சிலிண்டர், ஓர் ஓட்டை வாளி, போன வருஷம் செத்துப்போன துளசி.

பொய் என்று யாரும் சொல்ல முடியாது. எட்டிப் பார்த்தால் கீழ்வீட்டு பிரிசில்லாவின் தோட்டத்தில் அத்தனையும் இருக்கிறது. பார்த்ததைத்தான் எழுதினேன். ‘எங்கள் தோட்டம்’ என்றுதான் எழுதினேன். எங்கள் பிளாக்கில்தானே இருக்கிறது?

14.3.2006

கமலி: ‘படம் எங்கே, வனராணி அக்கா?’ அதற்குக் கீழே வரிசையாக ‘அதானே?’, ‘அதானே?’

18.3.2006

கேமரா இல்லை என்று எழுதினேன். இவர் தம்பி அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த டிஜிட்டல் கேமரா பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் தூங்குவது மன்றத்துக்கு எப்படித் தெரியும்?

அது போதாதா? ‘எல்லாரும் சேர்ந்து அக்காவுக்கு ஒரு கேமரா வாங்கி அனுப்பலாமா?’ என்று துபாயிலிருந்து ஒரு புண்ணியவான் கிளம்பிவிட்டார். வீட்டு விலாசம் கேட்கிறார். கேமரா கிடைத்துவிட்டது என்று உடனே எழுதினேன்.

20.3.2006

பால்கனிச் சுவரில் வயிற்றை வைத்துத் தொங்கிக்கொண்டு ஆறு படம் எடுத்தேன். படத்தைச் சுருக்குகிறேன் என்று சுருக்கியதில் தாமரை தபால்தலை அளவுக்கு ஆகிவிட்டது. போன் லைன் வழியாக ஒரு படம் ஏறி முடிப்பதற்குள் இவர் ஆபீஸிலிருந்து மூன்று தரம் போன் பண்ணி, மூன்று தரமும் எங்கேஜ்டு. “யாரோட அப்படிப் பேச்சு?” என்று வந்ததும் வராததுமாகக் கேட்டார். தாமரையோடு என்றேன்.

தோட்டத்துரை எழுதுகிறார்: ‘அருமை. ஆனால் எல்லாம் மேலிருந்தே எடுத்திருக்கிறீர்களே, தென்னை மரத்தில் ஏறினீர்களா?’ மொட்டை மாடியிலிருந்து எடுத்தேன் என்று பதில் போட்டேன். கமலிக்கு முல்லையை முகத்துக்கு நேரே பார்க்க வேண்டுமாம்.

வேறு வழியில்லை. கீழே போகவேண்டும்.

21.3.2006

நாலு வருஷமாக மேலும் கீழுமாகக் குடியிருக்கிறோம். அவர்கள் வாசலை நான் மிதித்ததில்லை. காரணம் என்று ஒன்றும் கிடையாது, சந்தர்ப்பம் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவள் கொடுத்தனுப்பும் கேக்கை வேலைக்காரிக்குக் கொடுத்துவிடுவோம். அதற்கும் காரணம் கிடையாது. முட்டை.

பிரிசில்லா ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டூட்டி முடிந்து வந்து, தூங்காமல் கத்தரிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். என் தங்கைக்குப் படம் அனுப்ப வேண்டும் என்றேன். எனக்குத் தங்கை கிடையாது.

“எடுங்க மேடம். செடி இன்னா டிக்கெட்டா கேக்குது? மொதல்ல டீ குடிங்க.”

குடித்தேன். இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள். முல்லை முகத்துக்கு நேரே நன்றாக வந்திருக்கிறது.

9.4.2006

நட்சத்திர உறுப்பினர் ஆகிவிட்டேன். பெயருக்குப் பக்கத்தில் மூன்று மஞ்சள் நட்சத்திரம் மின்னி மின்னி எரிகிறது. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இதுக்கு அலவன்ஸ் ஏதாவது உண்டா?” என்றார்.

22.4.2006

சாயங்காலம் ஆனால் கால் தானாகக் கீழே போகிறது. பிரிசில்லா இப்போது ‘அக்கா’ என்கிறாள். நான் வருகிறேன் என்று தெரிந்தால் காய்ந்த இலையை எல்லாம் கிள்ளி, தொட்டிகளை வெளிச்சத்துக்கு நகர்த்தி வைத்திருக்கிறாள். “உங்க தங்கச்சி பாக்கும் இல்ல, செடி சீக்கு வந்த மாதிரி இருந்தா நமக்குத்தான் அசிங்கம்.”

மாவுப்பூச்சிக்கு என்ன செய்வது என்று மன்றத்தில் ஒருவர் கேட்டார். பிரிசில்லாவைக் கேட்டு, வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் என்று எழுதினேன். ‘வனராணியின் ஆலோசனைகள்’ என்று தனிப்பகுதியே திறந்துவிட்டார்கள்.

படத் திருட்டு பெருகிவிட்டதாம். போன வாரம் ஒரு ரோஜாவுக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடினார்கள். இனி சந்தேகம் வந்தால், தோட்டத்தில் நின்று, பெயரும் தேதியும் எழுதிய தாளைக் கையில் பிடித்துப் படம் போடவேண்டும் என்று தோட்டத்துரை சட்டம் போட்டிருக்கிறார். நானும் என் படங்களின் மூலையில் ‘வனராணி’ என்று பொறித்துவிட்டேன். காலம் கெட்டுக் கிடக்கிறது, ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

7.5.2006

ஒரு சின்ன சங்கடம். கத்தரிப் படத்தின் ஓரத்தில் பிரிசில்லாவின் கை விழுந்திருக்கிறது. மண் அப்பிய கை, பிளாஸ்டிக் வளையல். நான் கவனிக்கவில்லை. கமலி கவனித்துவிட்டாள். ‘யார் அக்கா அது?’

என்ன எழுதுவது? ‘தோட்டத்து வேலைக்கு வரும் அம்மா’ என்று எழுதினேன்.

‘பாவம், நல்லா கவனிச்சுக்கோங்க அக்கா’ என்று கமலி இரண்டு இதயம் போட்டாள்.

8.5.2006

கீழே போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். கஷாயம் வந்தது.

28.5.2006

என்னை மன்றத்தின் நெறியாளர் ஆக்கிவிட்டார்கள். இனி யாருடைய பதிவையும் நான் பூட்டலாம்.

25.6.2006

ஒழுங்காக எழுத வரவில்லை.

பிரிசில்லாவின் மகள் ஜெஸ்ஸி சிறுசேரியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள். இந்த சனி ஞாயிறு வந்தவள் அம்மாவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்து, தமிழில் அடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். இதெல்லாம் எனக்குத் தெரியாது. மன்றத்தில் ‘பிரிசில்லா’ என்று ஒரு புது உறுப்பினர். முதல் பதிவு: ‘வணக்கம். இது என் வீட்டுத் தாமரை. நானே தொட்டி கட்டினது.’ கூடவே படம்.

அரை மணியில் கூட்டம் கூடிவிட்டது. ‘இது வனராணி அக்காவின் தொட்டி ஆயிற்றே!’ ‘மூலையில் இருந்த பெயரை அழித்திருக்கிறாள்!’ ‘வந்த அன்றே திருட்டா?’ கமலி அழும் பொம்மை, கோபப் பொம்மை, பிறகு நெருப்பு. தோட்டத்துரை என்னைக் கேட்கிறார்: ‘நெறியாளர் வனராணி, இவரை உங்களுக்குத் தெரியுமா?’

தெரியுமா? தெரியுமாவா?

கரண்ட் இல்லை, பிறகு எழுதுகிறேன் என்று போட்டேன். கரண்ட் இல்லாமல் எப்படிப் போட்டேன் என்று கேட்க அத்தனை பேரில் ஒருத்தருக்குத் தோன்றவில்லை. பிறகு போய்ப் பார்த்தால் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பில் இருக்கிறது: ‘பிரிசில்லா – படத் திருட்டுக்காக நீக்கப்பட்டார்’.

26.6.2006

கீழே கேட் சாத்தியிருந்தது. நான் தாழ்ப்பாளில் கை வைத்ததும் உள்ளிருந்து வந்தாள்.

“அங்கயே நில்லுங்க, மேடம்.”

மறுபடியும் மேடம்.

“ஒரு நிமிஷம் கேளுங்க பிரிசில்லா…”

“இன்னாத்த கேக்கறது? ஜெஸ்ஸி எல்லாம் தேடிப் படிச்சுக் காட்டிட்ச்சி. படம் எடுத்தீங்க, சரி. உங்க தோட்டம்னு சொன்னீங்க, அதுவும் போவட்டும். திருடின்னு போட்டுகீறாங்க, அவங்களுக்கு இன்னா தெரியும்? ஆனா அந்தக் கை என் கைன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல? வேலைக்கு வர்ற அம்மான்னு எழுதினீங்களே. எந்த மாசம் எனக்குச் சம்பளம் குடுத்தீங்க?”

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தேன்.

“எங்கம்மா கடப்பாக்கத்துல ஆயுசு பூரா அடுத்தவன் நெலத்துல நட்டுச்சு. ஒரு கத்திரிக்கா அது பேருல காய்ச்சதில்ல. இந்த மண்ணு கவர்மெண்டுது. செடி என்னுது மேடம். போங்க.”

27.6.2006

சமைக்கவில்லை. இவர் ஓட்டலில் நாஸ்தா முடித்துக்கொண்டார்.

2.7.2006

எழுதிவிட்டேன். மன்றத்தில், எல்லாரும் பார்க்கும் பக்கத்தில்: ‘நான் முதல் மாடியில் இருக்கிறேன். எனக்குத் தோட்டம் கிடையாது. நீங்கள் பார்த்த ஒவ்வொரு செடியும் கீழ்வீட்டு பிரிசில்லா வளர்த்தது. ஆலோசனைகளும் அவர் சொன்னவை. அவர் வேலைக்கு வருபவர் இல்லை, ஆஸ்பத்திரி நர்ஸ். திருடியது நான்.’

பட்டனை அழுத்திவிட்டு முகத்தைப் புடவையில் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனி காறித் துப்புவார்கள். துப்பட்டும்.

முதல் பதில் கமலி: ‘அக்கா! வேலைக்கார அம்மாவின் மானத்தைக் காப்பாற்றப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறீர்களே! இந்த மனசு யாருக்கு வரும்?’ அடுத்தவர்: ‘கண்ணீரோடு படித்தேன்.’ சாயங்காலத்துக்குள் எனக்கு நாலாவது நட்சத்திரம் கொடுத்துவிட்டார்கள்.

பொய்யை இரண்டு வருஷம் வரிவரியாக நம்பினவர்கள், உண்மைக்கு ஒரு வரி இடம் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். கடங்காரர்கள்.

3.7.2006

தோட்டத்துரைக்கு மெயில் மேல் மெயில் போட்டேன். சட்டம் சட்டம்தானாம். அந்தம்மா தோட்டத்தில் நின்று, பெயர் எழுதிய தாளோடு படம் அனுப்பினால் பரிசீலிப்பாராம்.

ஜெஸ்ஸி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வழிமறித்துச் சொன்னேன். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கேட்டது. பிரிசில்லாவின் குரல் எனக்கே கேட்டது.

“நானா? என் தோட்டத்துல நானு சிலேட்டப் புடிச்சிக்கினு நிக்கணுமா, ஸ்டேஷன்ல நிக்க வெச்சா மாதிரி? எவ திருடினாளோ அவள நிக்கச் சொல்லு.”

நியாயம்தான்.

4.7.2006

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “அந்தக் கேக்கை ஒரு வருஷமாவது தின்னு பார்த்திருக்கலாம்” என்றார்.

பிறகு கேமராவை எடுத்துக்கொண்டு வந்தார். நான் பால்கனியில் நின்றேன். கையில் தாள்: ‘வனராணி. 4.7.2006. இதுதான் என் தோட்டம்.’ இந்தப் பக்கம் சிலிண்டர், அந்தப் பக்கம் செத்த துளசி.

“தாளைக் கொஞ்சம் தூக்கிப் பிடி, சிலிண்டர் மறையுது” என்றார்.

சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டும் படத்தில் விழுந்திருக்கிறது. அதைச் சுருக்கி, நூறு கேபிக்குள் கொண்டுவந்து, மன்றத்தில் ஏற்றினேன்.

நட்சத்திரத்துக்காக அழவில்லை. எனக்கு அந்த இஞ்சி டீ வேண்டும். சாயங்காலம் கீழே போகவேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

5.7.2006

சிலிண்டரை நம்பிவிட்டார்கள். ‘வனராணி – நிரந்தரமாக நீக்கப்பட்டார்.’ பிரிசில்லாவைத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள், மன்னிப்போடு. கமலி எனக்கு எழுதிய கடைசி வரி: ‘நான் முகர்ந்த வாசனைக்கு யார் பதில் சொல்வது?’

15.8.2006

கொடியேற்றத்துக்குப் போனோம். பிரிசில்லா குடும்பம் எதிர்வரிசையில். இவரைப் பார்த்து “நல்லாகீறீங்களா சார்” என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

25.12.2006

இந்த வருஷம் கேக் வரவில்லை. வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் நானேதான் போய்த் திறந்தேன்.

7.1.2007

மன்றத்தை வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நானும் தினம் படிக்கிறேன். ‘பிரிசில்லாவின் ஆலோசனைகள்’ சக்கைப்போடு போடுகிறது. எழுத்தெல்லாம் தெரிகிறது. படம் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு காலிக் கட்டம், அதற்குள் சின்ன எழுத்தில்: ‘படங்களைக் காண உறுப்பினராக உள்நுழையவும்.’ நேற்று அவள் டிசம்பர் பூ போட்டிருக்கிறாள். இன்று காலையும் எடுத்துப் போடுவதாக எழுதியிருந்தாள். கட்டத்துக்குக் கீழே கமலி: ‘அக்கா, இந்த ஊதா நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.’

காலையில் துணி உலர்த்தப் போனபோது எட்டிப் பார்த்தேன். கேட்டை ஒட்டி வரிசையாகப் பூத்திருந்தது. ஆமாம், ஊதாதான். பிரிசில்லா ஜெஸ்ஸியின் கேமராவோடு குனிந்து, நிமிர்ந்து, பின்னால் நகர்ந்து, கடைசியில் தலையைத் தூக்கினாள்.

“மேடம், அந்தப் பொடவைய கொஞ்சம் மேல இழுத்துக்குங்க. படத்துல வுழுது.”

ஜூனுக்குப் பிறகு இப்போதுதான் என்னிடம் பேசுகிறாள்.

அவசரமாக இழுத்துக்கொண்டேன். ஈரப் புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றேன். கீழே க்ளிக் என்று சத்தம் கேட்டது. படம் எப்படி வந்திருக்கிறது என்று உறுப்பினர்களைத்தான் கேட்கவேண்டும்.